வெடிக்காத ஊரில் தலை தீபாவளி

கனிராஜன் செய்த தப்பைச் சிவகாசிக்காரன் ஒருவனால் மட்டுமே செய்ய முடியும். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும்போது இரண்டு பெரிய கூடை நிறையப் பட்டாசு கொண்டுபோனான்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் மாமியார் வாயெல்லாம் பல்லாக வாங்கி உள்ளே வைத்திருப்பாள். தேத்தாங்குடியில் அழகம்மாள் ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கூடையை மூடியிருந்த ஜரிகைத் துணி காற்றில் விலகி, உள்ளே இருந்த சரவெடிக் கட்டின் சிவப்பு வெளியே தெரிந்தது. புது மாப்பிள்ளையைப் பார்க்க வாசலில் கூடியிருந்த பெண்கள் பாம்பைக் கண்டவர்கள் போல ஓரடி பின்வாங்கினார்கள்.

மாமனார் சேவுகமூர்த்தி தொண்டையைச் செருமினார். தேத்தாங்குடிக் கண்மாய்க் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"என்ன மாப்ள இது?"

"எங்க ஆலைச் சரக்குதான் மாமா. அம்மா குடுத்துவிட்டாங்க. வெறுங்கையோட போனா சிவகாசி மானம் என்னாகுறதுன்னு..."

"உமையா, நீ மாப்ளகிட்ட சொல்லலையாத்தா?"

"சொன்னேன்ப்பா. ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன்," என்றாள் உமையாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் மானம் போகிற நேரத்தில் இப்படிச் சிரிக்கிற பெண்டாட்டி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அவள் சொன்னது உண்மைதான். தேத்தாங்குடியில் யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. மழைக்காலத்தில் இமயமலைக்கு அப்பாலிருந்து கண்மாய்க்குப் பறவைகள் வரும், அவை மிரண்டுவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ அய்யனார் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்த ஊர் அது. கல்யாணத்துக்கு மேளம் உண்டு. ஆனால் ஊர்வலம் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பினால் நாயனக்காரர் நாயனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா நடப்பார். பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலில் பாய்ந்தால் வேறு உரம் வேண்டாம் என்பார்கள் சிலர். அதெல்லாம் அப்புறம், வீடு தேடி வந்தவர்களை விரட்டுவது மனுஷத்தனமா என்பார்கள் மற்றவர்கள்.

இதெல்லாம் கனிராஜனுக்கும் தெரியும். ஆனால் பறவைகள் கடைசியாக வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. வழியில் இருந்த ஏரிகள் வற்றின. காற்றாலைகள் முளைத்தன. ஊர்களின் வெளிச்சத்தில் நட்சத்திரம் மறைந்துபோய், தெற்கே வருகிற தடத்தையே அவை விட்டுவிட்டன. வராத விருந்தாளிக்காக ஓர் ஊர் இத்தனை தீபாவளியை வெடியில்லாமல் ஓட்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் தோன்றியிருக்குமா?

"வந்த புள்ளைய வாசல்லயே நிறுத்தி விசாரணை பண்ணாதீக," என்று அழகம்மாள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். "கூடைய மட்டும் அங்கிட்டு வைக்கோப்போருக்குப் பக்கத்துல வையுங்க மாப்ள. நீங்க உள்ள வாங்க."

"வைக்கோப்போர்கிட்டயா!" என்று கனிராஜன் அலறிய அலறலில் தெருக்கோடி நாய் எழுந்து உட்கார்ந்தது. அவனுக்குப் பிறவியிலேயே பெரிய குரல். ஆலையில் கொட்டகைக்குக் கொட்டகை தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குக் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை அது.

கடைசியில், நெல் இல்லாமல் காலியாகக் கிடந்த குதிர் அறைக்குள் கூடைகள் போயின. பூட்டிய சாவியைச் சேவுகமூர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக உட்கார்ந்தார்கள். எதிரே கண்மாய் ஐப்பசி மழையில் தளும்பிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நாட்டுக் கருவேல மரங்கள் இடுப்பளவு நனைந்து நின்றன. அவற்றில் ஒன்றைக்கூட ஊர் வெட்டவில்லை. கண்மாய்க்கு அப்பால், நால்வழிச் சாலையோரமாக, புதிதாக வந்திருந்த லேக் வியூ நகரின் வெள்ளை வீடுகள் தெரிந்தன.

"உங்க அப்பா என்னைய இனி மனுஷனா மதிப்பாருங்குற?" என்று ஆரம்பித்தான் கனிராஜன்.

"ம்."

"இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? மதிப்பாரா, மாட்டாரா?"

உமையாள் சிரித்தாள். அவர்கள் பழகியதே இப்படித்தான். இரண்டு வருஷம் முன்பு, வெடிச் சத்தம் பறவைகளை எவ்வளவு தூரத்துக்கு மிரட்டும் என்று அளப்பதற்காக ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு அவள் அவனுடைய ஆலைக்கு வந்தாள். ஒரு கேள்வி கேட்டாள். அவன் மத்தியானம் வரை பதில் சொன்னான். வாணத்தில் பேரியம் போட்டால் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் போட்டால் சிவப்பு, ஆனால் நல்ல நீலம் மட்டும் இன்னும் யார் கைக்கும் சரியாக வசப்படவில்லை, என்றைக்காவது ஒருநாள் அதைத் தானே கொண்டுவரப்போவதாகச் சொன்னான். பிறகு அவள் வேலைக்காக லடாக் போனாள். அங்கும் தினம் சாயங்காலம் போனில் அவன் நீலத்தைப் பற்றிப் பேசுவான், அவள் "ம்" என்பாள். அந்த "ம்"களை நம்பித்தான் அவன் பெண் கேட்டே வந்தான்.

"நாளைக்கு நீ கரையில முன்னால நிக்கணும்," என்றான். "இத்தனைக்கும் காரணமே நீதானே."

நாளைக் காலையில்தான் பறவைகள் வரப்போகின்றன. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, முதல் முறையாக. ஊரில் யாருக்கும் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தீபாவளியே இரண்டாம்பட்சம்தான்.

"நான் கரைக்கு வரலைங்க," என்றாள் உமையாள்.

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் வரக் கூடாது." அவள் முகத்தைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்ககிட்ட இதை மட்டும் சொல்லாம வச்சிருந்தேன். வரித்தலை வாத்துக்குத் தெக்க வர்ற வழி பிறவியிலயே தெரியாது. அம்மா அப்பா ஒருதரம் கூட்டிட்டு வந்து காட்டணும். காட்டுறதுக்கு வழி தெரிஞ்ச பறவை ஒண்ணு கூட மிஞ்சலை. அதனாலதான் லடாக்குல முட்டையைப் பொரிக்க வச்சு, இயந்திரப் பறவை ஒண்ணைச் செஞ்சு, குஞ்சுகளை அது பின்னால பறக்கப் பழக்கினோம்."

"முன்னத்தி. அது தெரியும்."

ஏர் பூட்டும்போது முன்னால் போகிற ஏருக்கு முன்னத்தி ஏர் என்று பேர். அந்த இயந்திரத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேரும் அதுதான். ஆய்வுக்கூடத்தில் அதற்கு வாயில் நுழையாத வேறு ஏதோ பேர் இருந்தது.

"வாத்துக் குஞ்சு முட்டைக்குள்ள இருக்கிறப்பவே வெளிச் சத்தத்தைக் கேக்கும். கேட்ட குரலைத்தான் தாயா நினைச்சுக்கும். அதனால அங்க யாரும் பேசக் கூடாது. சாம்பல் அங்கியப் போட்டு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு ஊமையா வேலை பாக்கணும். முன்னத்தியோட கூப்பாடு மட்டும்தான் கேக்கணும். நான்தான்..." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "எனக்கு அந்தக் குளிர்ல தனியா இருக்க முடியலைங்க. முட்டை வச்சிருந்த அறையில இருந்துக்கிட்டுத்தான் உங்ககூட போன் பேசுவேன்."

கனிராஜன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"குஞ்சு பொரிச்ச பிறகு பாத்தா, நான் போன் பேசுறப்பல்லாம் முன்னத்தியை விட்டுட்டு என் குடிசை வாசல்ல வந்து நிக்குது எல்லாம். யார் பேசினதுன்னு ஆய்வுக்கூடத்துல எங்களுக்கு மேல இருந்த பத்மாசனி மேடம் கேட்டாங்க. ஒத்துக்கிட்டேன். திட்டக்கூட இல்லை. அன்னைக்கே என்னைய ஊருக்கு அனுப்பிட்டாங்க. நான் போன பிறகுதான் குஞ்சுகள் ஒழுங்கா முன்னத்தி பின்னால பறக்கவே ஆரம்பிச்சுச்சு."

"சரி, இப்ப வளர்ந்துருச்சுல்ல? உன் குரலைக் கேட்டா என்ன ஆயிரும்?"

"என்னையே சுத்திக்கிட்டு இருக்கும். ஜோடி சேராது. பங்குனியில திரும்பிப் போகாது. பனி மலையில இருக்க வேண்டிய பறவைங்க, இந்த வெயில்ல எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால அதுங்க இங்க இருக்குற காலத்துல நான் கண்மாய்க்குக் காது கேக்குற தூரத்துல இருக்கக் கூடாது. இந்த வருஷம் மட்டுமில்லை, அதுங்க உசுரோட இருக்குற வரைக்கும். நாளைக்கு ஒருநாள் மட்டும் வாயைத் திறக்காம இந்த மாடியில இருந்து பாத்துக்கோன்னு மேடம் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்காங்க. மறுநாளே உங்ககூட சிவகாசி வந்துரணும்."

கீழே யாரோ கண்மாய்க்கரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பறவைக்காகக் கரையைப் பெருக்குகிற ஊர்!

"நான் பொறந்ததுல இருந்து இந்தக் கண்மாய்ல அதுங்களைப் பாத்ததில்லைங்க," என்றாள் உமையாள். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் மத்தாப்பைப் பத்திப் பேசுவாக. நாங்க பேசாம இருப்போம். எங்க ஊருக்கு வாத்து வரும்னு சொன்னா சிரிப்பாக. அதை ஒருநாள் வரவச்சுக் காட்டணும்னுதான் இந்தப் படிப்பே படிச்சேன். வரவச்சேன். ஆனா இந்தக் கரையில உக்காந்து அதுங்களை வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் இல்லாமப் போச்சு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எதையாவது பேசி எதையும் சரியாக்கிவிடலாம் என்று நம்புகிற ஆள், அன்றைக்கு ஒரு வார்த்தையும் அகப்படாமல் தவித்தான். அவளை அந்த அறையில் தினமும் பேசவைத்தது தான்தானே என்ற நினைப்பு அவனைக் குடைந்தது.

தீபாவளி விடிந்தது. தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளித்து, மஞ்சள் தடவிய புது வேட்டி கட்டி, இட்லியும் கறிக்குழம்பும் கழுத்து வரை சாப்பிட்டுவிட்டு கனிராஜன் கரைக்குப் போனான். ஊரே அங்கே நின்றது. கைக்குழந்தைகளின் வாயில் கற்கண்டு போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். பறவை கண்ணில் பட்டதும் பெண்களுக்குக் குலவை வந்துவிடும் என்று பயந்து, சேவுகமூர்த்தி முன்கூட்டியே எல்லோரையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஆனால் பறவைகள் வரவில்லை. முன்னத்திக்குப் பின்னால் வாகனத்தில் வந்துகொண்டிருந்த பத்மாசனி மேடம் சேவுகமூர்த்திக்குப் போன் செய்தார். எதிர்க்காற்று, தாமதமாகும் என்றார். சேவுகமூர்த்தியின் முகம் மாறிவிட்டது.

"லேக் வியூ நகர்க்காரவுக ஒம்பது மணி வரைக்கும் வெடிக்க மாட்டோம்னு வாக்குக் குடுத்துருக்காக மாப்ள. பாவம், நல்ல மனுஷங்கதான். ஆனா ஒம்பது மணிக்கு மேல நான் என்னன்னு கேக்குறது? அவுகளுக்கும் தீபாவளிதானே?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வடக்கே, வானத்தில் ஒரு கோடு தெரிந்தது. கோடு மெல்ல இரண்டாகப் பிரிந்து கூரை வடிவானது. கரையில் ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ முந்தானைகள் எத்தனையோ வாய்களை அழுத்தின. சேவுகமூர்த்தி தோள் துண்டை எடுத்துத் தன் வாயையும் பொத்திக்கொண்டார். அதே நேரம் லேக் வியூ நகரில் யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள்.

வானத்துக் கோடு சிதறியது. முன்னத்தி மட்டும் தனக்கு இட்ட பாதையில் நேராக வந்து, கருவேல மரங்களுக்கு மேலாகத் தாழ்ந்து, கண்மாய்த் தண்ணீரில் அழகாக இறங்கியது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. சொன்ன வேலையைச் செய்தது. தண்ணீரில் மிதந்தபடி "ஆங்... ஆங்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் ஒரு பறவையும் இல்லை. இருபது சொச்சம் வாத்துகள் நால்வழிச் சாலைக்கு மேல் புகைக்குள் முட்டி மோதிப் பறந்துகொண்டிருந்தன. வழிநெடுகப் பறந்து வந்த களைப்பு. ஒன்று சாலையை ஒட்டித் தாழ்ந்துவிட்டு மறுபடி எழும்பியது.

கனிராஜன் மாமனாரின் இருசக்கர மின்வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. வேட்டி காலில் சுற்றியது. சட்டைப் பையில் போன் அடித்தது. மாடியிலிருந்து உமையாள். எடுத்து, ஒலியை முழுக்க ஏற்றி, காதில் வைக்க நேரமில்லாமல் அப்படியே பையில் போட்டான்.

லேக் வியூ நகர் முனையில் பட்டுச் சட்டை போட்ட குடும்பங்கள் நின்றன. அடுத்த சரத்துக்கு ஊதுபத்தியை நீட்டிக்கொண்டிருந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜன்.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் கனிராஜன்.

"மணி ஒன்பது தாண்டிடுச்சே சார்," என்றார் வரதராஜன் பணிவாக. "சொன்ன மாதிரி காத்திருந்தோமே. நீங்க யாரு?"

"நான் சிவகாசி!"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "சிவகாசிக்காரரா வந்து வெடிக்காதீங்கன்னு சொல்றது?"

"ஆமா, சிவகாசிக்காரன்தான் சொல்றேன்! உங்க கையில இருக்குற சரம் எங்க ஆலைச் சரம். அது நல்லா வெடிக்கும்னு எனக்குத் தெரியும், நான் கலந்த மருந்து அது. தீபாவளிக்கு வெடிக்காதீங்கன்னு கேக்குறதுக்கு என் வாய் எப்படிக் கூசுதுன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க அம்மா கேட்டா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. ஆனா அந்த ஊர்ல போய்ப் பாருங்க. இருபத்தஞ்சு வருஷமா ஒரு பறவையும் வரலை, இருபத்தஞ்சு வருஷமா ஒரு வெடியும் வெடிக்கலை. கரையைக் கூட்டி வச்சுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு நிக்குறாங்க. இன்னைக்குத்தான் வந்துருக்கு. ஒரே ஒரு மணி நேரம் பொறுங்க. நான் உங்க காலுல வேணும்னாலும்..."

அவன் நிறுத்தினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள்.

வாத்துகள் அவன் தலைக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. தென்னை உயரத்துக்கு வந்துவிட்டன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்பு வரிகள்கூடத் தெரிந்தன. அவன் வாய் மூடியதும் அவை குழம்பி மேலே எழும்பின.

"நிறுத்தாதீங்க!" என்று சட்டைப் பைக்குள்ளிருந்து உமையாளின் குரல் கேட்டது. "பேசுங்க! நீங்க பேசினா கீழ வருது!"

"என்ன சொல்ற நீ?" என்று கேட்டான். வாத்துகள் தாழ்ந்தன.

"ஐயோ, நான் ஒரு மடச்சி! அங்க தினமும் முட்டையை வெளிய எடுத்து வச்சு ஆறவிட்டுத் தண்ணி தெளிக்கணும். ரெண்டு கையும் வேணும். போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். குடிசைக்கு வந்தாலும் அதே பழக்கம். நான் எங்கங்க பேசினேன்? நான் 'ம்'தானே போட்டேன்! பேசினதெல்லாம் நீங்க!"

கனிராஜன் அண்ணாந்து பார்த்தான். இருபது சொச்சம் பறவைகள், பனி மலையில் முட்டைக்குள் கிடந்தபடி, பேரியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் பற்றி அவன் அளந்ததையெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கின்றன.

"என்ன பேசட்டும்?"

"எதையாவது பேசுங்க. வண்டியை மெதுவா கண்மாய்க்கு விடுங்க. உங்க நீலத்தைப் பத்திப் பேசுங்க!"

அன்றைக்கு லேக் வியூ நகரும் தேத்தாங்குடியும் பார்த்த காட்சியை இரண்டு ஊரும் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கின்றன. எண்ணெய் வழியும் தலையோடு ஒரு புது மாப்பிள்ளை, சத்தமில்லாத மின்வண்டியில் வாய்க்கால் கரையோரமாக ஆமை வேகத்தில் வருகிறான். "தாமிரம் போட்டா நீலம் வரணும். வரும், ஆனா நிக்காது. சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துரும்..." என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டே வருகிறான். அவன் தலைக்கு மேலே வரித்தலை வாத்துகள் வரிசை கட்டி வருகின்றன. பின்னால் லேக் வியூ நகர்க்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரவமில்லாமல் நடந்து வருகிறார்கள்.

கரையேறியும் அவன் நிறுத்தவில்லை. கடைசிப் பறவை கால்களை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கீறிக்கொண்டு இறங்கி, முன்னத்தியின் பக்கத்தில் மிதக்கும் வரை நீலத்தைப் பற்றியே பேசினான். பிறகு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

உமையாள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். கரை மேட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். கனிராஜன் தலையை ஆட்டினான். அவள் கையை விலக்கி, கண்மாயைக் காட்டி, "பேசு" என்று ஜாடை செய்தான்.

அவள் தயங்கினாள். சேவுகமூர்த்தியைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, "வந்துட்டீகளா?" என்றாள்.

ஒரு வாத்தும் திரும்பவில்லை. ஒன்று இறகைக் கோதியது. இன்னொன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டது.

"வாங்க. எல்லாரும் வாங்க," என்றாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

யாரோ ஒரு பெண் பேசுகிறாள் என்பதற்கு மேல் அவற்றுக்கு அதில் ஒன்றும் இல்லை. உமையாள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி தெளிச்சது நான், கை விறைக்க விறைக்கச் சூடு பாத்தது நான். என்னைய ஒண்ணுக்கும் அடையாளம் தெரியலை பாருங்க," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் வலித்தது, ஒளிப்பானேன். ஆனால் தன் ஊர்க் கண்மாய்க்கரையில், பறவைகள் முன்னால், வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் அவள் பிறந்ததிலிருந்து ஆசைப்பட்டாள்.

பத்மாசனி மேடம் வந்து இறங்கி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கனிராஜனைத் தனியாக வயலுக்கு நடுவே கூட்டிப்போனார். உமையாளுக்குப் போட்டிருந்த கட்டளை எல்லாம் இப்போது அவனுக்கு மாறியது. பறவைகள் இருக்கிற காலத்தில் கண்மாய்க்குக் காது கேட்கிற தூரத்தில் அவன் குரல் கேட்கக் கூடாது. அவை உயிரோடு இருக்கும் வரை.

"முடியுமா உங்களால?" என்று கேட்டார் அவர். அவனைப் பற்றி ஊரில் ஏற்கெனவே விசாரித்திருந்தார் போலிருக்கிறது.

கனிராஜன் திரும்பிக் கரையைப் பார்த்தான். உமையாள் பெண்களுக்கு ஒவ்வொரு வாத்தாகக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு பேசி அவன் பார்த்ததே இல்லை. சரி என்று தலையை ஆட்டினான்.

மத்தியான விருந்தில் மாப்பிள்ளை ஊமையாக உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பாயாசம் வேண்டும் என்பதை ஜாடையில் கேட்டார். அழகம்மாள் புரியாத மாதிரி மூன்று முறை கேட்டு ரசித்தாள். சேவுகமூர்த்தி மட்டும் எழுந்துபோய்க் குதிர் அறைச் சாவியை எடுத்து வந்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"உங்க கூடைய ஒரு பாம்பு மாதிரி பூட்டி வச்சுட்டேன் மாப்ள. மனசுல வச்சுக்காதீக. இந்த ஊர்ல இனிமே கூடாத சத்தம் ரெண்டு. ஒண்ணு வெடி. இன்னொண்ணு..." மேலே சொல்ல முடியாமல் அவரும் சிரித்துவிட்டார். எழுந்து நின்று, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் கனிராஜன் கிளம்பும்போது லேக் வியூ நகர் வரதராஜன் ஒரு சிறிய சரக்கு வண்டியோடு வந்தார். அந்த நகர்க்காரர்கள் மிச்சம் வைத்திருந்த பட்டாசு முழுதும் அதில் இருந்தது. "எங்களுக்கு இனிமே இது வேண்டாம் சார். நீங்களே திரும்பக் கொண்டுபோயிடுங்க," என்றார். கொண்டுவந்தது இரண்டு கூடை, கொண்டுபோனது ஒரு வண்டி. இந்த வரலாற்றைத் தன் அம்மாவிடம் அவன் எப்படிச் சொன்னான் என்பது தனிக்கதை.

உமையாளைப் பத்மாசனி மேடம் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். பங்குனி வரை அவள் தேத்தாங்குடியிலேயே இருந்து பறவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கனிராஜன் சிவகாசியில் நீலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆலையில் தொண்டை தீரப் பேசினான். சனிக்கிழமை ராத்திரி மாமனார் வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை முடியும் வரை வாய் திறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று பேசவைக்கப் பார்த்தும் தோற்றுப்போனார்கள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் ஆலை வாசலில் நின்றபோது போன் வந்தது. உமையாள்.

"கரையில உக்காந்திருக்கேங்க. ஸ்பீக்கர்ல இல்லை, காதோட ஒட்டி வச்சிருக்கேன், பயப்படாதீங்க. ஆனா நீங்க எதுவும் பேசிராதீங்க, பக்கத்துலயே ரெண்டு மேஞ்சுக்கிட்டு இருக்கு. ஒரு விஷயம் சொல்லணும். அந்த மூத்தது இருக்குல்ல, ஒரு ஜோடி புடிச்சிருச்சு. மேடம் சொல்றாங்க, இனிமே அதுங்க பங்குனியில வீட்டுக்குப் போயிருமாம், முன்னத்தியே வேண்டாமாம். அப்புறம் அடுத்த ஐப்பசிக்குக் குஞ்சுகளோட தானா வருமாம். இன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கு தெரியுமா? சூரியன் இறங்குற நேரம், அந்தப் பக்கம் கருவேல மரம் எல்லாம் கறுப்பாயிருச்சு. நடுவுல மட்டும் ஒரு நீலம் நிக்குதுங்க. நீங்க தேடுறீங்கல்ல, அந்த நீலம். ரெண்டு வாத்து அதுக்குள்ள நீந்திப் போகுது. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. கேக்குறீங்களா?"

"ம்," என்றான் கனிராஜன். அதையும் மெதுவாகத்தான் சொன்னான்.